வாலிப வீரிய பரிபாலன சபையும் கனகலிங்கத்தின் மூன்று கேள்விகளும்

முப்பதுகளில் எங்கள் பக்கத்தில் சபைகளுக்குப் பஞ்சமில்லை. மழைக்கு ஒதுங்கிய நாலு பேர், மழை விடுவதற்குள் தலைவர், உபதலைவர், காரியதரிசி எல்லோரையும் தெரிவுசெய்து, மழையைக் கண்டித்து ஒரு தீர்மானமும் நிறைவேற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அப்படி முளைத்த சபைகளில் ஒன்று உரும்பிராய் வாலிப வீரிய பரிபாலன சபை. அதற்கு நான் ஒன்பது வருடம் காரியதரிசியாக இருந்தேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. என் கையெழுத்து மற்றவர்களுடையதைவிட வடிவாக இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் பரிபாலித்தது சுக்கிலத்தை, அதாவது விந்தை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயது போய்விட்டது. அறுபது துளி இரத்தம் சேர்ந்து ஒரு துளி சுக்கிலம் ஆகிறது, அது போனால் ஞாபகசக்தியும் முதுகெலும்பும் ஆயுளும் அதோடு போகும் என்பது சபையின் கொள்கை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடக் கொட்டகையில் கூடுவோம். தேவாரம் முடிந்ததும் ஒவ்வோர் அங்கத்தவராக எழுந்து, "சென்ற கிழமை சேதமில்லை" என்று அறிவிக்க வேண்டும். பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர் அதை ஆமோதிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒன்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நானும் பலரை ஆமோதித்திருக்கிறேன்.

நித்திரையில் நடந்துபோகும் சேதத்தை என்ன செய்வது என்று ஆராய ஒரு சொப்பன உபகுழு இருந்தது. கனவில் வந்த பெண் அங்கத்தவருக்கு முன்பின் தெரியாதவளாக இருந்தால் மன்னிப்பு. தெரிந்தவளாக இருந்தால் ஒரு மாதம் கடைசி வாங்கில் இருக்க வேண்டும். பிறகு சைக்கிள் ஆசனம் உடலின் அந்தப் பகுதியைச் சூடாக்குகிறது என்று தலைவர் எங்கோ வாசித்துவிட்டார். அன்றிலிருந்து அங்கத்தவர்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டே கூட்டத்துக்கு வந்தார்கள். வீட்டில் விட்டுவிட்டு வரலாமே என்று கேட்டால், சைக்கிள் இல்லாதவன் என்று ஊர் நினைத்துவிடும் என்றார்கள். முருங்கைக்காய் விலக்கப்பட்டிருந்தது. முருங்கை நிற்காத வேலி எங்கள் ஊரில் கிடையாது என்பதால், பார்வையால் சேதம் வருமா என்பதைப் பற்றியும் இரண்டு கூட்டம் கதைத்தோம்.

தலைவர் சோமசேகரம் மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்டராக இருந்து பென்சன் எடுத்து வந்தவர். வெயிலானாலும் கோட்டுப் போடுவார். மூன்று மணிக் கூட்டத்துக்கு மூன்று மணி ஒரு நிமிடத்தில் வந்தவரை வெளியே நிறுத்திவிடுவார். நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். தான் சொல்வது எல்லாவற்றையும் தானே நம்பினார்.

சபையின் பெருமை கனகலிங்கம். புகையிலையும் வெங்காயமும் செய்கிற புத்தூர்த் தோட்டக்காரன், வயது முப்பத்துமூன்று. சபை தொடங்குவதற்கு முன்பிருந்தே தலைவரின் துண்டுப்பிரசுரங்களைப் படித்து, அதன்படி மொத்தம் பன்னிரண்டு வருடம் ஒழுகியவன். அவனுக்கு 'வீரிய பூஷணம்' என்று பட்டம் கொடுத்துப் பத்திரமும் கொடுத்தோம். பத்திரத்தை எழுதியவன் நான். 1936 தை மாதம் அவனுக்குக் கலியாணமானது. பெண் கமலாவதி, இருபத்தாறு வயது, என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. எங்கள் வழக்கப்படி வீடு அவளுடைய சீதனம். ஒரு தகரப் பெட்டியோடும் கண்ணாடி போட்ட அந்தப் பத்திரத்தோடும் கனகலிங்கம் அங்கே குடிபோனான். பத்திரத்தைக் கட்டிலுக்கு நேரே மேலே மாட்டினான்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. அவள் கை பட்டால் அவனுக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கும். உடனே அறுபது துளி இரத்தம் ஞாபகம் வரும், கை கால் குளிர்ந்துவிடும். பன்னிரண்டு வருடம் தலைவர் சொன்னதைக் கேட்டுப் பழகிய உடம்பு, கலியாணமாகிவிட்டது என்று சொன்னால் கேட்குமா? ஒரு கிழமைக்குப் பிறகு புகையிலைக்குக் காவல் என்று சொல்லிக் கொட்டிலில் போய்ப் படுக்கத் தொடங்கினான். வைகாசியில் புகையிலை விற்று முடிந்தது. அவன் காவலை விடவில்லை.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கமலாவதி கேட்டாளாம்.

"போயிலை வித்து ஒரு மாசமாச்சு. கொட்டிலுக்கை ஆரைக் காவல் காக்கிறியள்?"

அவன் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தான்.

"என்னிலை விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. நான் வடிவில்லையெண்டால் அதையும் சொல்லுங்கோ. ஒண்டும் சொல்லாமல் போய்ப் படுத்தால் நான் என்னெண்டு விளங்கிறது?"

"அப்பிடியில்லை."

"அப்ப எப்பிடி?"

அவன் சோற்றைப் பார்த்தான்.

"ஆடிப்பிறப்புக்கு அக்கா பண்டத்தரிப்பிலையிருந்து வருவா. அவ கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டன். அதுக்கிடையிலை எனக்கு ஒரு மறுமொழி சொல்லுங்கோ. இல்லாட்டில் உங்கடை பெட்டியை எடுத்துக்கொண்டு புத்தூருக்கு அம்மா வீட்டை போங்கோ."

வேறு ஊர்களில் கோபித்துக்கொண்டு போகிறவள் பெண். எங்கள் ஊரில் வீடு பெண்ணுடையது, ஆகவே பெட்டியைத் தூக்க வேண்டியவன் ஆண். புத்தூர் வரைக்கும் நேர் றோட்டு. தகரப் பெட்டியோடு ஒருவன் அதில் நடந்தால் கிணற்றில் தண்ணீர் அள்ளுகிறவர்கள் முதற்கொண்டு எல்லோருக்கும் கதை விளங்கிவிடும். ஆனால் கனகலிங்கத்துக்கு அந்த வெட்கம்கூடப் பெரிதில்லை. "எனக்கு அவவை விட்டிட்டுப் போக ஏலாது அண்ணை" என்று என்னிடம் சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் நான் மனிதனாக ஏதாவது சொல்லியிருக்கலாம். "எழுத்திலை தாரும், ஞாயிற்றுக்கிழமை சபையிலை வைப்பம்" என்று சொன்னேன்.

மூன்று கேள்விகள் எழுதித் தந்தான். விவாகமான அங்கத்தவர் மனைவியை எப்படி அணுக வேண்டும்? பயத்தை எப்படிப் போக்குவது? இந்த விஷயத்தில் மனைவிக்கும் விருப்பம், சந்தோசம் என்று ஏதும் உண்டா?

ஞாயிற்றுக்கிழமை சபையில் அவற்றை வாசித்தேன். தலைவர் எழுந்தார்.

"பெரியோர்களே, வாலிபர்களே. நான் மலாயாவிலை ஒரு ஸ்ரேசனிலை இருந்த காலத்திலை அங்கை ஒரு எஞ்சின் இருந்தது. மற்ற எஞ்சினெல்லாம் ஓடி ஓடித் தேய்ஞ்சு போச்சு. இந்த எஞ்சினை மட்டும் பதினெட்டு வருசமாய் ஷெட்டை விட்டு வெளியிலை எடுக்கேல்லை. ஒவ்வொரு நாளும் துடைச்சு விடுவம். எண்ணெய் பூசுவம். நான் பென்சன் எடுக்கிற நாளிலையும் அது புத்தம் புதிசு. மனுசன்ரை உடம்பும் அதுதான்."

கனகலிங்கம் மரியாதையாகக் கேட்டான். "அந்த எஞ்சின் ஓடுமோ ஐயா?"

"ஓட்டிப் பார்க்க ஒருத்தரும் துணியேல்லை" என்று தலைவர் பெருமையோடு சொன்னார். கைதட்டினோம்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் சபையின் விதிகளில் இடமில்லை என்று தீர்ப்பானது. விவாகமான அங்கத்தவர் என்று ஒரு வகையே விதிகளில் இல்லை. அங்கத்தவர்களில் பாதிப் பேர் பிள்ளை குட்டிக்காரர்கள் என்பது வேறு விஷயம். மூன்றாவது கேள்விக்குச் சாஸ்திர அபிப்பிராயம் கேட்டுப் பண்டிதர் நமசிவாயத்தை எழுப்பினார்கள்.

"பழைய நூல்களிலை பெண்ணின்பத்தைப் பற்றி நிறைய இருக்கு" என்றார் பண்டிதர்.

"என்ன இருக்கு?" என்று நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"அது எனக்குத் தெரியாது. அந்தப் பக்கங்களை நான் பசை போட்டு ஒட்டி வைச்சிருக்கிறன். ஒட்டுறதுக்கு முன்னம் கண்ணை மூடிக்கொண்டனான்."

எது ஒட்ட வேண்டிய பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு எப்படிக் கண்டுபிடித்தார் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், வைத்திய அபிப்பிராயம் பெறுவதென்று பண்டிதர் பிரேரிக்க, நான் ஆமோதிக்க, ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த ஞாயிறு, ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி சிமியோன் வந்தார். கரையூர்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், ஏழு பிள்ளைகளின் தகப்பன். ஆளைப் பார்த்தால் இரத்தம் குறைந்தவராகத் தெரியவில்லை. சைக்கிளில் ஏறியே வந்தார். சைக்கிள்களை உருட்டி வந்த பதினொரு பேர் வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள். அவர் உட்காரவும் இல்லை, முன்னுரை சொல்லவும் இல்லை.

"ஆர் கேள்வி கேட்டது? நீரோ? சரி, கேளும். அறுபது துளி இரத்தக் கதை பொய். வாயிலை உமிழ்நீர் ஊறுமாப்போலை அது நெடுக ஊறிக்கொண்டிருக்கும். துப்பினால் ஆராவது சாகிறவையோ? மறிச்சு வைச்சால் அது நித்திரையிலை தன்ரை பாட்டிலை போகும். அதுக்கும் உம்மடை முதுகெலும்புக்கும் ஒரு சம்பந்தமுமில்லை. தனிய இருக்கிற பெடியன் தானாய் என்ன செய்தாலும் அதாலை பைத்தியம் வராது. வாறதெண்டால் உங்கடை நோட்டீசைப் படிச்சுத்தான் வரும்."

பின்வாங்கில் யாரோ இருமினார்கள். நிம்மதியான இருமல் மாதிரிக் கேட்டது.

"இனிப் பயம். பயந்தால் நாக்கு வறளுது, கை குளிருது. உந்த உறுப்பும் உடம்பிலைதானே இருக்கு, அதுவும் சோரும். அது வருத்தம் நோய் ஒண்டுமில்லை. நாளைக்கே எல்லாம் நடக்கவேணும் எண்டு நினையாதையும். கிட்ட இரும், கதையும், கையைப் பிடியும். கெதிப்படாதையும், மெள்ள மெள்ள. சுகம் அந்த ஒரு இடத்திலை மட்டும் இல்லை, உடம்பு முழுக்க இருக்கு. மூண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. ஓம், அவவுக்கும் விருப்பமிருக்கு, அவவுக்கும் சுகமிருக்கு. என்ன விருப்பம் எண்டு எனக்குத் தெரியாது. உந்தப் பண்டிதருக்கும் தெரியாது. அவவைத்தான் கேட்கவேணும்."

ஐந்து நிமிடம் ஆகவில்லை. தலைவர் எழுந்து, "இந்த அபிப்பிராயத்தை ஆமோதிக்கிறவர் ஆர்?" என்று கேட்டார்.

ஆமோதித்தால் அதைப் பற்றித் தெரியும் என்று ஆகிவிடும். பதினொரு பேரும் கூரையைப் பார்த்தோம். ஆமோதிப்பார் இல்லாதபடியால் அப்போதிக்கரியின் விளக்கம் நிகழாததாகவே கருதப்படும் என்று தலைவர் அறிவித்தார். சிமியோன் சிரித்துவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போனார். நான் கூட்டக் குறிப்பில், "அப்போதிக்கரி வந்தார். வெயில் அதிகம்" என்று எழுதினேன்.

ஆனால் ஆடிப்பிறப்புக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. சபையின் வீரிய பூஷணம் பெட்டியோடு புத்தூர் றோட்டில் நடந்தால் சபைக்கு அவமானம். தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கமலாவதிக்குத் தன் அதிர்ஷ்டம் விளங்கவில்லை, அதை விளக்க ஒரு தூதுக்குழு போக வேண்டும். "வேண்டாம் ஐயா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்" என்றான் கனகலிங்கம். அவன் கும்பிடத் தூக்கிய கைகளைத் தலைவர் ஆதரவு வாக்காக எடுத்துக்கொண்டார்.

ஆடிப்பிறப்பன்று பின்னேரம் தலைவரும் பண்டிதரும் நானும் போனோம். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. பண்டத்தரிப்புத் தமக்கை இன்னும் வந்து சேரவில்லை. உள்ளே கதவுக்குப் பக்கத்தில் தகரப் பெட்டி கட்டி வைத்திருந்தது. கனகலிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கமலாவதி எங்களுக்குப் பாய் போட்டுவிட்டு எதிரே நின்றாள். அழுது முடித்த முகம்.

தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, உமக்கு வாய்ச்சது என்ன எண்டு உமக்கு விளங்கேல்லை. பன்னிரண்டு வருசம் உவருக்கு ஒரு சேதமில்லை. கலியாணம் எண்டவுடனை நாங்கள் பயந்துதான் போனம். ஆனால் இந்த ஆறு மாசத்திலையும் சேதமில்லை. இதுக்கு உம்மடை ஒத்தாசையும் இருக்கு எண்டு சபை ஏற்றுக்கொள்ளுது. அதுக்காண்டி உமக்கும் ஒரு பத்திரம் கொண்டு வந்திருக்கிறம்."

என் வடிவான கையெழுத்தில் 'வீரிய பூஷணி' என்று எழுதிய பத்திரத்தை நீட்டினார். கமலாவதி அதை வாங்கி ஒரு முறை வாசித்தாள். பிறகு எங்களை விட்டுத் தலைவரை மட்டும் பார்த்தாள்.

"ஐயா, உங்கடை மனிசி சந்தோசமாய் இருக்கிறாவோ?"

"அவவுக்கென்ன குறை? கல்லு வீடு, நாலு பக்கமும் மதில்."

"குறையைக் கேக்கேல்லை. சந்தோசமோ எண்டு கேட்டனான்."

"ஒழுங்குப் பிரச்சினை" என்று பண்டிதர் எழும்பினார்.

"இரும் பண்டிதர்" என்றார் தலைவர். கோட்டுப் பொத்தானைத் திருகியபடி, "அதை நான் கேட்டதில்லை" என்றார்.

"கலியாணம் முடிச்சு எத்தினை வருசம்?"

"முப்பத்திரண்டு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் பதில் சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் கதவடியில் நின்ற கனகலிங்கம் பேசினான். எங்களைப் பார்க்காமல் அவளைப் பார்த்தே பேசினான்.

"இஞ்சேரும். எனக்கு உம்மிலை வெறுப்பில்லை. விருப்பம் கூடிப்போய்த்தான் பயம். கிட்ட வந்தால் செத்துப்போவன் எண்டு பன்னிரண்டு வருசமாய்ப் படிச்சு வைச்சிருக்கிறன். அது பொய்யெண்டு அப்போதிக்கரி சொல்லிப்போட்டார். எண்டாலும் உம்மைக் கண்டால் கை நடுங்குது. எனக்கு ஒண்டும் தெரியாது. உமக்கு என்ன விருப்பம் எண்டும் தெரியாது. நீர் போகச் சொன்னால் போறன், ஆனால் எனக்குப் போக விருப்பமில்லை."

கமலாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இதைச் சொல்ல ஆறு மாசமோ? நான் கண்ணாடி பார்க்கிறதையே விட்டிட்டன்."

"தெரியும். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான்."

"பார்த்துக்கொண்டு சும்மா இருந்தியளோ?"

"ஓம்" என்றான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "ஐயாமார் கூழ் குடிச்சிட்டுப் போங்கோ. இவர் இஞ்சை நிக்கட்டும்." கூழை வார்த்துத் தந்துவிட்டு, எங்கள் பத்திரத்தை எடுத்துப் பானையை மூடினாள். மூன்று பேரும் சூட்டோடு சூடாகக் குடித்து வாயைச் சுட்டுக்கொண்டு வெளியேறினோம். குறுகிய ஒழுங்கை திரும்பும் முடக்கில் தமக்கை பலகாரப் பெட்டியோடு எதிரே வந்தாள். நாங்கள் யார் வீட்டிலிருந்து வருகிறோம் என்று கேட்டாள். தலைவர் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு கனகலிங்கம் இரண்டு ஞாயிறு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு அவனுடைய கடிதம் வந்தது. கடிதம் எதுவானாலும் சபையில் உரத்து வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசித்தேன்.

"கனம் காரியதரிசி அவர்களுக்கு. நான் இனிக் கூட்டத்துக்கு வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நானும் கமலாவதியும் வீட்டில் இருக்கிறோம். முதல் சில நாள் கை நடுங்கியது. அவசரமில்லை என்று அவ சொன்னா. எது பிடிக்கும் என்று நான் கேட்டேன். அவ சொன்னா. பிறகு அவ கேட்டா, நான் சொன்னேன். கதைத்துக் கதைத்தே பயம் போய்விட்டது. இடையில் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடுகிறது, அதனாலும் கெடுதி ஒன்றுமில்லை. இவ்வளவு சந்தோசம் இருக்கிறது என்று சபையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது. ஆகையால் எனக்குக் கோபமில்லை. இங்ஙனம், க. கனகலிங்கம்."

இதைக் கண்டித்து ஒரு தீர்மானம் வரும் என்று பேனாவை மையில் தொட்டுக்கொண்டு இருந்தேன். ஒருவரும் பிரேரிக்கவில்லை. பின்வாங்கில் ஒருவர் தனக்கு வீட்டில் அலுவல் இருக்கிறது என்று சொல்லி எழும்பினார். இன்னும் இருவர் தங்களுக்கும் அலுவல் என்றார்கள். நாலு மணியாவதற்குள் கொட்டகை வெறுமையாகிவிட்டது. வழமையாக வாசலில் நின்று ஒரு மணி நேரம் ஊர்க்கதை கதைக்கிறவர்கள், அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

தலைவர் மட்டும் கோட்டோடு கதிரையில் இருந்தார். நான் மையைத் துடைத்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன்.

"செக்கிறட்டறி."

"ஐயா?"

"கனகலிங்கம் மனிசியைக் கேட்டவராமோ?"

"ஓம் ஐயா. அப்பிடித்தான் எழுதியிருக்கிறார்."

"என்னெண்டு கேட்டவராம்? என்ன சொல்லித் தொடங்கினவராம்?"

"அது கடிதத்திலை இல்லை ஐயா."

முப்பத்திரண்டு வருடத்தை எங்கே பிடித்துத் தொடங்குவது என்று அந்த மனிதனுக்குத் தெரியவில்லை. அன்றைக்குத்தான் முதன்முதலாக அவர்மேல் எனக்கு எரிச்சல் வரவில்லை.

"இன்னொருக்கால் வாசியும்" என்றார்.

"முழுக்கவோ ஐயா?"

"இல்லை. 'அவசரமில்லை' எண்ட இடத்திலையிருந்து."